பேஸ் வாசித்துக்கொண்டே பாடணும், ஆடிஷனுக்குப் பதினோரு நாள்தான் இருக்கிறது

நாலாம்கம்பி | புதன், இரவு 10.40

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

சென்னையில் ஒரு பேண்டில் பேஸ் கிடார் (அடிச் சுரங்களை வாசிக்கிற நாலு கம்பிக் கிடார்) வாசிக்கவும் பாடவும் சேர்த்து ஒரே ஆளைத் தேடுகிறார்கள். டிரம்ஸ், கிடார், கீபோர்டு என்று மூன்று பேர் இருக்கிறார்கள். பேஸ் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தவர் வேலை மாறி பெங்களூர் போய்விட்டார். எண்பது, தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டுகளைத் தங்கள் பாணியில் வாசிக்கிறவர்கள், சொந்தப் பாட்டும் நான்கைந்து உண்டு. அடுத்த ஞாயிறு இல்லை, அதற்கடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து பாட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றில் நான்தான் பாடணும், ஒன்றில் பின்குரல், ஒன்றில் பேஸ் மட்டும்.

பேஸ் நான்கு வருடமாக வாசிக்கிறேன். பாட்டு பத்தாவது வரைக்கும் ஆறு வருடம் கர்நாடகம் படித்தேன். தனித்தனியாக இரண்டும் வரும். சேர்த்துச் செய்தால் கை போகிற பக்கம் வாய் போகிறது. சொற்களெல்லாம் பேஸ் தாளத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பாட்டு ஆறெட்டு (சுற்றுக்கு ஆறு எண்ணிக்கை வருகிற தாளம்), அதில் சுத்தமாக நின்றுவிடுகிறேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? பேஸைக் கொஞ்சம் சுலபமாக்கிக்கொண்டால் தப்பா?

---

அடித்தளம் | புதன், இரவு 11.25

தம்பி, முதலில் பாட்டை மறந்துவிடுங்கள். நாலு நாளைக்குப் பேஸ் மட்டும்.

நெல்லைப் பக்கம் சர்ச்சில் பதினாலு வருடமாக வாசித்துக்கொண்டே பாடுகிறேன். என்னிடம் ஒரே ஒரு பரிசோதனைதான். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) போட்டு லைனை, அதாவது பேஸின் மெட்டை, வாசியுங்கள், வாசித்துக்கொண்டே வீட்டில் யாரிடமாவது "ராத்திரிக்கு என்ன சாப்பாடு" என்று கேளுங்கள். பதில் வரும். அதற்கு நீங்கள் "தோசையா, சட்னி என்ன?" என்று திருப்பிக் கேட்கணும். கை தடுமாறினால் லைன் இன்னும் பழுக்கவில்லை. பழுக்காத லைன்மேல் பாட்டை ஏற்றினால் இரண்டும் விழும்.

பழுத்த பிறகு வரிகளைத் தாளில் இடைவெளிவிட்டு எழுதுங்கள். எந்த எழுத்தில் பேஸ் நோட் விழுகிறதோ அதன் கீழே ஒரு புள்ளி. பொறுமை வேண்டும், ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் முடிக்கும்போது ஒரு ஆறுதல் கிடைக்கும். முக்கால்வாசி இடத்தில் சொல்லும் நோட்டும் சேர்ந்தேதான் விழுகின்றன. மோதுகிற இடம் ஒரு பாட்டில் மூன்றோ நாலோதான் இருக்கும். முழுப் பாட்டையும் இருபது தடவை வாசிக்காதீர்கள். அந்த மூன்று இடத்தை மட்டும் எடுத்து, பாதி வேகத்தில் வாசியுங்கள். முதலில் வரியைப் பாடாமல் தாளத்தோடு வெறுமனே சொல்லுங்கள், அது நின்ற பிறகு ஒரே சுரத்தில் முனகுங்கள், மெட்டு கடைசியில்தான்.

சுலபமாக்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

---

நாலாம்கம்பி | வியாழன், காலை 7.05

நன்றி அண்ணா. தம்பி இல்லை, தங்கச்சி :)

அதனால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முன்பு பாடியவர் ஆண். பட்டியலில் எல்லாமே ஒன்றரை, இரண்டு கட்டை சுருதியில் இருக்கின்றன. எனக்கு ஐந்து, ஐந்தரை.

---

பழைய கச்சேரி | வியாழன், மதியம் 1.50

"சுலபமாக்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை" என்று அடித்தளம் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை.

மதுரையில் மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன். எண்பதுகளின் பாட்டு என்கிறாய் அம்மா. இளையராஜா பாட்டில் பேஸ் என்பது பாட்டுக்குக் கீழே விரித்த பாய் இல்லை, அது தனியாக ஒரு மெட்டு. குரல் ஒரு பக்கம் போகும், பேஸ் எதிர்ப் பக்கம் போய்விட்டுச் சரியான இடத்தில் வந்து சேரும். கேட்கிறவனுக்குப் பேஸ் கிடார் எது என்று கூடத் தெரியாது, ஆனால் அந்த லைனை வாயில் முணுமுணுப்பான். கோயில் திருவிழாவில் ஒரு தடவை எங்கள் பையன் அதை விட்டுவிட்டு வெறும் ரூட் நோட்டை, அதாவது அந்தந்த இடத்தின் அடிச் சுரத்தை, தட்டினான். முன்வரிசையில் ஒருவர் எழுந்து வந்து "பாட்டு என்னமோ மாதிரி இருக்கே" என்றார். என்ன குறை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, குறை தெரிந்துவிட்டது.

அந்த லைனை வெட்டுவதாக இருந்தால் அந்தப் பாட்டையே எடுக்காதே.

---

அடித்தளம் | வியாழன், மாலை 6.10

அண்ணாச்சி, உங்கள் குழுவில் பாட ஒரு ஆள், பேஸுக்கு ஒரு ஆள் இருந்தார்கள். இந்தத் தங்கச்சிக்கு இரண்டு கையும் ஒரு வாயும்தான் இருக்கின்றன.

பாட்டு முழுக்க வெட்டச் சொல்லவில்லை. குரல் நீண்டு நிற்கிற இடத்தில், இடையிசையில், பல்லவி முடிந்து சரணம் எடுப்பதற்கு முந்தைய இரண்டு பாரில் (தாளச் சுற்றில்), லைன் முழுசாக வரட்டும். சொற்கள் நெருக்கி வருகிற இடத்தில் மட்டும் முதல் அடியையும் கார்டு (கூட்டுச் சுரம்) மாறுகிற அடியையும் பிடித்தால் போதும். ரசிகர் காது அந்த நேரம் சொல்லில் இருக்கும்.

---

பழைய கச்சேரி | வியாழன், மாலை 6.32

எந்த இடத்தில் விடலாம் என்று முடிவெடுக்கவே முழு லைனும் கையில் இருக்கணும். வராததால் விட்டதா, வந்தும் விட்டதா என்பது கேட்கிறவனுக்குத் தெரியும். முதலில் முழுசாகப் படிக்கட்டும், அப்புறம் கத்தரியை எடுக்கட்டும். அதற்கு மேல் நான் சண்டைக்கு வரவில்லை.

---

பொடிமாஸ் | வியாழன், இரவு 9.15

ஒரு சின்னச் சந்தேகம். பாட ஒரு ஆளைத் தனியாகப் போட்டுக்கொண்டால் இந்தப் பாடே இல்லையே? எதற்கு ஒரே ஆள் தலையில் இரண்டையும் கட்டுகிறார்கள்? ஐந்து பேருக்குப் பங்கு பிரிக்கிற காசை நாலு பேர் எடுத்துக்கொள்ளத்தானே?

---

அடித்தளம் | வியாழன், இரவு 9.40

காசும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. உலகம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது. 1961-இல் ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகி ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டபோது பீட்டில்ஸில் பேஸை எடுக்க யாருக்கும் ஆசை இல்லை. கடைசியில் பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. ரஷ் என்ற கனடா பேண்டில் மொத்தமே மூன்று பேர். கெடி லீ பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவார், நடுவில் கீபோர்டு, காலில் பெடல் வேறு. அவரைப் பார்த்துவிட்டு நான் இரண்டு வாரம் பேஸைத் தொடவில்லை.

---

சுருதிப்பெட்டி | வெள்ளி, காலை 5.50

நான் பாட்டு டீச்சர், பேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நாலாம்கம்பி எழுதியதில் ஒரு விஷயத்தை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஆறு வருடம் கர்நாடகம் படித்தேன் என்கிறாயே. அரை இடத்தில் எடுப்பு (பாட்டு தொடங்குகிற இடம்) உள்ள கீர்த்தனை பாடியிருப்பாய். கை சமத்தில் தட்டும், வாய் அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கும். கை எட்டு எண்ணிக்கையை அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், சங்கதிகள் மேலே எப்படி வேண்டுமானாலும் போகும். கை ஒன்று செய்ய வாய் வேறொன்று செய்கிற வித்தை உனக்குப் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது. அதைத் தொடையில் செய்தாய், இப்போது கம்பியில் செய்யப்போகிறாய்.

அதனால் பேஸிலிருந்து பாட்டுக்குப் போகாதே, தாளத்திலிருந்து போ. முதலில் அந்தச் சினிமாப் பாட்டைத் தாளம் போட்டுப் பாடு. அடுத்து, தட்டுகிற கைக்குப் பதிலாக ஒவ்வொரு தட்டுக்கும் திறந்த கம்பி ஒன்றை இழு, ஒரே சுரம், இடது கைக்கு வேலையே இல்லை. அது சுகமாக வந்ததும் ரூட்டை மாற்று. லைன் கடைசியில்.

ஆறெட்டில் நீ நிற்பதற்குக் காரணமும் ஊகிக்க முடிகிறது. பேஸ் "தகிட தகிட" என்று இரண்டு மூன்றாகப் போகும், வரியின் சொற்கள் "தக தக தக" என்று மூன்று இரண்டாக விழும். இரண்டுக்கும் மொத்தம் ஆறுதான். ஆனால் இரண்டும் சந்திப்பது முதல் எண்ணில் மட்டும். நடுவில் எங்கேயும் ஆதரவு தேடாதே, கிடைக்காது. வலது கையால் தகிட தட்டி, வாயால் தக சொல்லி, முதல் எண்ணில் மட்டும் சேர்ந்து விழுகிற மாதிரி பத்து நிமிடம் செய். பேருந்தில் போகும்போது கூடச் செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

இன்னொன்று. வாத்தியம் வாசித்துக்கொண்டு பாடுகிற பிள்ளைகள் கடினமான இடம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். தெரியாமலே செய்வது அது. அடுத்த வரிக்குக் காற்று இருக்காது, சுருதி இறங்கும். புள்ளி வைத்த தாளிலேயே மூச்சு எடுக்கிற இடத்துக்கும் ஒரு குறி போட்டுக்கொள். கழுத்தைத் திருப்பி இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாலும் தொண்டை இறுகும்.

---

அடித்தளம் | வெள்ளி, காலை 8.20

டீச்சர் சொன்ன கடைசி வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டலாம். பார்த்துக்கொண்டே வாசித்தால் தொண்டையும் இறுகும், வாயும் மைக்கை விட்டு நகரும். 1951-இல் லியோ ஃபெண்டர் தன் பேஸுக்கு பிரிசிஷன் (துல்லியம்) என்று பெயர் வைத்ததற்குக் காரணமே பிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான். டபுள் பேஸில் விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தால் சுருதி போய்விடும். பிரெட் இருந்தால் விரல் அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் நோட் சரியாக விழும். அதனால் பயப்படாமல் நிமிர்ந்து நில்லுங்கள். பெரிய தாவல் இருக்கிற இடத்தில் மட்டும் ஒரு கணம் பார்த்தால் போதும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.

அப்புறம், நின்றுகொண்டு வாசியுங்கள். கட்டிலில் உட்கார்ந்து பழகிவிட்டு ஆடிஷனில் நின்றால் மணிக்கட்டுக் கோணமே மாறிவிடும்.

---

நாலாம்கம்பி | சனி, இரவு 11.10

டீச்சர், நீங்கள் சொன்ன இடத்தில்தான் திறந்தது. தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு அந்தச் சினிமாப் பாட்டைப் பாடினேன், ஒரு தடவைகூடத் தடுக்கவில்லை. திறந்த கம்பியை இழுத்துக்கொண்டு பாடினேன், அதுவும் சரி. இவ்வளவு நாளும் பேஸை மேலே வைத்து, பாட்டை அதற்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முதல் இரண்டு பாட்டு ஓரளவு சேர்ந்துவிட்டது. ஆறெட்டு இன்னும் சரணத்தில் உதைக்கிறது. சாப்பாடு பரிசோதனையும் செய்தேன். "கையில அத வச்சிக்கிட்டு என்கிட்ட பேசாத" என்று அம்மா சொல்லிவிட்டார்.

---

மிக்சர்காரன் | ஞாயிறு, மதியம் 12.15

எல்லோரும் தாளம், மூச்சு என்று எழுதுகிறீர்கள். நான் சவுண்டு ஆள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாட்டு மட்டும் பாடுகிறவருக்கும் வாத்தியம் மட்டும் வாசிக்கிறவருக்கும் அவ்வளவாக இல்லாத ஒரு ஆபத்து உனக்கு இருக்கிறது. உன் கை கம்பியில், உதடு மைக்கில். கம்பி வயர் வழியாக ஆம்ப்பின் (பேஸ் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியின்) எர்த்தில் சேர்கிறது. மைக்கின் வலை மிக்சரின் எர்த்தில் சேர்கிறது. ஆம்ப் ஒரு சுவரில், மிக்சர் இன்னொரு சுவரில், ஒன்றில் எர்த் சரியில்லை என்றால் இரண்டுக்கும் நடுவில் வோல்ட்டேஜ் நிற்கும், உதடு பட்டதும் அது உன் வழியாகப் போகும். சுரீர் என்று ஒரு குத்து வாங்காத பாடகர் நம் ஊர் மேடைகளில் குறைவு, அதைச் சிரித்துக்கொண்டே கதையாகச் சொல்வார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. 1972-இல் வேல்ஸில் ஸ்வான்சியில் லெஸ் ஹார்வி என்ற கிடாரிஸ்ட் மேடையில் மைக்கைத் தொட்டு இறந்தே போனார்.

போனதும் ஆம்ப்புக்கும் மிக்சருக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் வருகிறதா என்று கேள். கூச்சப்படாதே, கேட்கிற ஆளை நல்ல பேண்டு மதிக்கும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள், மைக் வலையில் வைத்துப் பார், எரிந்தால் தள்ளி நில். எரியவில்லை என்றாலும் மைக்குக்கு ஒரு பஞ்சு உறை வாங்கிப் போடு, வாயை ஒட்டாதே. ஹம் (ஸ்பீக்கரில் இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றிவிட்டு வாசிக்கிற புத்திசாலிகள் இருக்கிறார்கள். அந்த அறையில் பாடாதே, அவ்வளவுதான்.

மற்றது சின்ன விஷயங்கள். போன் ஸ்பீக்கரில் பாட்டைக் கேட்டு பேஸ் எடுக்காதே. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். போனில் நீ கேட்பது அதன் மேல் ஸ்வரங்களை மட்டும்தான், அடி நோட் அதில் வராது. ஹெட்போன் போடு. ஜாம் ரூமில் (பேண்டுகள் பயிற்சி செய்கிற அறையில்) ஆம்ப் மூலையில் இருந்தால் கீழ் நோட்டெல்லாம் ஒரே குழம்பாகக் கேட்கும், கொஞ்சம் முன்னால் இழுக்க முடியுமா என்று கேள். ஆம்ப் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தால் உனக்கு ஒன்றும் கேட்காது, வால்யூமை ஏற்றுவாய், எதிரில் நிற்கிறவர்கள் காது கிழியும். நாற்காலிமேல் தூக்கி வை, அல்லது சாய்த்து வை.

மைக் ஸ்டாண்ட் நேராக முன்னால் நின்றால் பேஸ் கழுத்து அதில் இடிக்கும். குறுக்குக் கம்பி உள்ள ஸ்டாண்டைக் கேள், உன் வலது பக்கத்திலிருந்து வாய்க்கு வருகிற மாதிரி வை. இடது பக்கம் பேஸ் தலைக்குக் காலியாக இருக்கணும்.

---

வடலி | ஞாயிறு, இரவு 8.45

நான் கனடா ஸ்கார்பரோவில் இருந்து எழுதுகிறேன். மேசைக்கு மற்றப் பக்கத்தில், ஆள் எடுக்கிற பக்கத்தில் இருந்தவன் எண்டபடியால் இரண்டு வார்த்தை.

போன வருசம் எங்கட பேண்டுக்குப் பேஸ் வாசிக்க ஆள் தேடினோம். ஐந்து பேர் வந்தார்கள். அதில் ஒரு பெடியன் மற்ற நாலு பேரையும் விடக் கெட்டிக்காரன், விரல் அப்பிடி ஓடும். அவனை நாங்கள் எடுக்கவில்லை. பிழை விட்டால் நிறுத்திப்போட்டு "சொறி, திரும்ப ஒருக்கா" எண்டு சொல்லுவான். மூன்று பாட்டில் நாலு தரம் நிறுத்தினான். மேடையில ஆர் திரும்ப ஒருக்கா தருவினம்? நாங்கள் எடுத்த ஆள் இரண்டு இடத்தில பிழைவிட்டவர், ஒரு இடத்தில சொல்லையே மறந்து லா லா பாடினவர். ஆனால் டிரம்ஸ்காரனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பேஸ் ஒரு கணமும் நிற்கவில்லை.

தங்கச்சி, குரல் போனால் பாட்டு கொஞ்ச நேரம் பொறுக்கும். பேஸ் போனால் எல்லாரும் விழுவினம். இரண்டில ஒண்டைக் கைவிட வேண்டி வந்தால் எதை விடுகிறது எண்டு இப்பவே முடிவு செய்து வையுங்கோ.

இன்னொரு விசயம். அவையள் மேடையில வாசிச்ச பதிவு இருந்தால் கேட்டு வாங்குங்கோ. படத்தில இருக்கிறது ஒரு மாதிரி இருக்கும், பேண்டு வாசிக்கிறது வேற மாதிரி இருக்கும், முடிவு கட்டாயம் வேற. எங்களிட்டை வந்த ஐந்து பேரில ஒருவர்தான் அதைக் கேட்டவர்.

---

நாலாம்கம்பி | செவ்வாய், இரவு 10.30

வடலி அண்ணா, கேட்டு வாங்கிவிட்டேன். நல்லவேளை. இரண்டாவது பாட்டில் இடையிசையைப் பாதியாக வெட்டியிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல் போயிருந்தால் காற்றில் வாசித்திருப்பேன்.

கட்டை மாற்றியதில் ஒரு வேடிக்கை. அந்தப் பாட்டு அவர்களிடம் இரண்டு கட்டை, எனக்கு ஐந்து. எல்லாவற்றையும் அப்படியே நகர்த்தினால் போதும் என்று நினைத்தேன். அவர்கள் ரூட் ஏ கம்பியில் ஐந்தாம் பிரெட், எனக்கு ஈ கம்பியில் மூன்றாம் பிரெட். அதாவது குரல் நாலு சுரம் மேலே போகும்போது பேஸ் ஐந்து சுரம் கீழே இறங்கிவிட்டது. நடுவில் நிறைய இடம், கேட்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அந்த லைன் ஒவ்வொரு பாரிலும் ஸவிலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும். இரண்டு கட்டையில் அது ஏ கம்பியைச் சும்மா தட்டினால் வந்துவிடும். ஐந்து கட்டையில் அந்தக் கீழ்ப் பஞ்சமம் என் பேஸிலேயே இல்லை, ஈ கம்பிக்கும் கீழே போகணும். அதனால் மேல் பஞ்சமத்துக்குப் போகிறேன். இறங்குகிற லைன் ஏறுகிற லைனாக ஆகிவிட்டது. பழைய கச்சேரி சார் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது.

கட்டை மாற்றுவதை முன்னாலேயே அவர்களிடம் சொல்லணுமா, அங்கே போய்ச் சொல்லலாமா?

---

அடித்தளம் | செவ்வாய், இரவு 10.42

இப்பவே சொல்லுங்கள், இந்த நிமிடமே. கீபோர்டுக்காரர் ஒரு பட்டனில் மாற்றிவிடுவார். கிடாரிஸ்டுக்கு விரல் அமைப்பே மாறும், அவருக்கும் படிக்க நாள் வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் தப்பு அவர் வாசிப்பதில் வரும், கோபம் உங்கள்மேல் வரும்.

---

பழைய கச்சேரி | புதன், காலை 9.00

பயம் எதற்கு. ஈ கம்பியை டி வரைக்கும் தளர்த்தினால் அந்தக் கீழ்ப் பஞ்சமம் கிடைக்கும். ஆனால் அதற்காக மற்ற எல்லா விரலையும் நாலு நாளில் மாற்றிப் பழகாதே, மேலேயே போ. ஆனால் ஏறும்போது மெதுவாகத் தொடு. கீழ்ப் பஞ்சமம் மெத்தையில் உட்கார்கிற மாதிரி இருக்கும், மேல் பஞ்சமம் தட்டி எழுப்புகிற மாதிரி இருக்கும். ஒரே பலத்தில் அடித்தால் பாட்டு குதிரை வண்டி ஆகிவிடும்.

---

நாலாம்கம்பி | சனி, இரவு 9.20

நாளைக்குக் காலை பதினொன்று. சொல்லிவிட்டேன், கிடாரிஸ்ட் "ஓகே" என்று மட்டும் பதில் போட்டார், ஒன்றும் புரியவில்லை.

பையில் இருப்பவை: பேஸ், இரண்டு வயர், ட்யூனர், ஒன்பது வோல்ட் பேட்டரி புதுசு ஒன்று, டெஸ்டர், பஞ்சு உறை, வரித்தாள், வெந்நீர். ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?

---

மிக்சர்காரன் | சனி, இரவு 9.31

உன்னுடையது ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரி உள்ளது) என்றால் வாசிக்காத நேரம் வயரைக் கழற்றிவிடு. வயர் செருகியிருந்தாலே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்.

---

சுருதிப்பெட்டி | சனி, இரவு 9.50

இன்றைக்கு இனிமேல் பாடாதே, வாசிக்காதே. விரல் நுனியில் கொப்புளத்தோடு போவதில் லாபம் இல்லை. காலையில் எட்டு மணிக்கு இருபது நிமிடம் அகாரம், மந்திர ஸ்தாயியிலிருந்து மெதுவாக. தயிர் வேண்டாம் என்று உன் அம்மா சொல்வார், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் எதிர்த்துப் பேசாதே.

---

நாலாம்கம்பி | ஞாயிறு, இரவு 10.05

போய்விட்டு வந்தேன். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தூக்கம் வரவில்லை.

வடபழனிப் பக்கம் ஒரு ஜாம் ரூம். போனதும் ஆம்ப் எந்த போர்டில் இருக்கிறது என்று கேட்டேன். டிரம்மர் சிரித்தார், ஆனால் எழுந்து போய் மாற்றினார். டெஸ்டர் எரியவில்லை. ஆம்ப்பை நாற்காலிமேல் வைக்கலாமா என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை, அதன் பலன் பின்னால் வரும்.

முதல் பாட்டு பேஸ் மட்டும், பிரச்சினை இல்லை. இரண்டாவது, கட்டை மாற்றிய பாட்டு. அந்த "ஓகே" கிடாரிஸ்ட் ஐந்து கட்டைக்கு அழகாகத் தயாராக வந்திருந்தார். பல்லவி நன்றாகப் போனது. சரணத்தில் மைக் ஸ்டாண்டின் குறுக்குக் கம்பி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. கை இரண்டும் பேஸில், எப்படித் தூக்குவது? அது இறங்க இறங்க நானும் குனிந்தேன். சரணம் முடியும்போது கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவள் மாதிரி நின்றேன். கீபோர்டுக்காரர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே இன்னொரு கையால் தூக்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை வடலி அண்ணா.

மூன்றாவது ஆறெட்டு. டிரம்மர் எண்ணிக் கொடுத்த வேகம் நான் பழகியதைவிட அதிகம். சரணத்தில் வாய் நழுவப்போகிறது என்று முந்தைய பாரிலேயே தெரிந்துவிட்டது. நாலு பாருக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதல் எண்ணை மட்டும் வாசித்தேன். டீச்சர், அந்த ஒரே இடத்தில்தான் இரண்டும் சந்திக்கும் என்றீர்களே, அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல் வந்து உட்கார்ந்ததும் லைனைத் திரும்பச் சேர்த்தேன். முடிந்ததும் டிரம்மர் "சரணத்துல காலியா விட்டு அப்புறம் நிரப்புனீங்களே, அது நல்லாருக்கு, அப்படியே வச்சுக்கலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாவதில் இரண்டாம் சரணம் மறந்து முதல் சரணத்தையே திரும்பப் பாடினேன். யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை, அல்லது நல்ல மனிதர்கள்.

பின்குரல்தான் சொதப்பல். என் குரலும் கேட்கவில்லை, பேஸும் காலடியில் எங்கேயோ உறுமிக்கொண்டிருந்தது, சுருதி கீழே போய்விட்டது. கீபோர்டுக்காரர் நேராகவே சொன்னார், ஹார்மனி இறங்குது, சரி பண்ணணும் என்று.

முடிவு: எடுத்துக்கொண்டோம் என்று சொல்லவில்லை. இரண்டு ரிகர்சலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு பேசலாம் என்றார்கள். பதினாலு பாட்டு. முதல் ரிகர்சல் மூன்று வாரத்தில்.

---

பழைய கச்சேரி | ஞாயிறு, இரவு 10.20

காலி விட்டது வராததால். அதை அவர்களிடம் சொல்லாதே. மூன்று வாரத்துக்குள் அந்த நாலு பாரும் முழுசாக வரணும், அப்புறம் வேண்டுமானால் விட்டுக்கொள்.

அந்தக் கீழே இறங்குகிற பாட்டு என்ன ஆனது? மேல் பஞ்சமம் குதிரை வண்டி ஆனதா?

---

நாலாம்கம்பி | ஞாயிறு, இரவு 10.24

முதல் பல்லவியில் ஆனது சார். இரண்டாவதில் இறக்கிவிட்டேன்.

---

வடலி | ஞாயிறு, இரவு 10.40

ரிகர்சலுக்குக் கூப்பிட்டால் அது முக்கால்வாசி ஓம்தான். நாங்களும் அப்பிடித்தான் செய்தனாங்கள். பின்குரலுக்கு கீபோர்டின்ர சத்தத்தை உங்கட மானிட்டரில (உங்களுக்குக் கேக்க வைக்கிற ஸ்பீக்கரில) கொஞ்சம் கூட விடச் சொல்லுங்கோ. பேஸில இருந்து சுருதி எடுக்கிறது கஷ்டம், அவ்வளவு கீழ இருக்கிற நோட்டைக் காது சரியாப் பிடிக்காது.

---

மிக்சர்காரன் | ஞாயிறு, இரவு 11.02

அடுத்த தடவை நாற்காலியைக் கேள். அப்புறம், ஜாம் ரூம் ஸ்டாண்டுகளில் அந்தத் திருகு எப்போதும் தேய்ந்துதான் இருக்கும். ஒரு சைக்கிள் ட்யூப்பை விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொள். கம்பி சேருகிற இடத்தில் சுற்றி இறுக்கினால் ஒரு கச்சேரி தாங்கும்.

---

நாலாம்கம்பி | ஞாயிறு, இரவு 11.06

அப்பாவின் சைக்கிள் ஒன்று மொட்டைமாடியில் கிடக்கிறது. காலையில் பார்க்கிறேன்.